உப்புக்காற்றில் பழைய மோட்டார் ஹோம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டியிலிருந்து ராமேசுவரம் தீவைச் சுற்றி மூக்கையூர் வரையுள்ள கரையில், பழைய கேரவன் அல்லது வீடாக மாற்றிய டெம்போ டிராவலர் வைத்திருப்பவர்களும் வாங்க நினைப்பவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. உள்நாட்டில் பத்து வருடம் தாங்கும் வேலை இங்கே மூன்று வருடத்தில் பல்லிளிப்பதற்குக் காரணம் உப்பு. பதில்கள் எல்லாம் அதை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை.

வண்டி பார்க்கப் போகிறோம். முதலில் எதைப் பார்ப்பது?

மீட்டரில் ஓடிய கிலோமீட்டரைப் பிறகு பார்க்கலாம். ஒரு பழைய சாக்கு, டார்ச், தட்டை ஸ்க்ரூடிரைவர் மூன்றையும் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுங்கள். சேசிஸ் நீளக்கட்டை, குறுக்குக்கட்டைகள் சேரும் மூலைகள், ஸ்பிரிங் பட்டையின் யு-போல்ட், டீசல் டேங்கைத் தாங்கும் பட்டி, பிரேக் பைப் கிளிப் போட்ட இடங்கள், பேட்டரித் தட்டு, படிக்கட்டின் உள்பக்கம் எல்லாவற்றையும் ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் இரும்பு இருக்கிறது. மொத்தென்று கேட்டால் முனையால் அழுத்துங்கள். உள்ளே போனால் அந்த வண்டியை விட்டுவிடலாம். மேல் துரு, பொரிந்து ஏடு ஏடாகக் கழன்று வரும் துரு, இரண்டும் வேறு வேறு. முன்னதைச் சரி செய்யலாம். பின்னது சேசிஸ் கட்டையில் இருந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

விற்பதற்கு முந்தைய வாரம் அடியில் கருப்பு பெயிண்ட் அடித்திருந்தால் மகிழ வேண்டாம், சந்தேகப்படுங்கள். பெயிண்ட் உப்பியிருக்கும் இடத்தைச் சுரண்டிக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்தது கூரையின் நான்கு மூலைகள், ஜன்னல் அடிப்பகுதி, அலமாரிகளின் மேல்மூலை. கதவைத் திறந்ததும் ஊறிய பிளைவுட் வாடை அடிக்கிறதா என்று பாருங்கள். ஊதுபத்தி கொளுத்தி வைத்திருந்தால் இன்னும் கவனமாக மோந்து பாருங்கள். மரத்தில் குத்திப் பார்க்கும் ஈரமானி கிடைத்தால் நல்லது. 15 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 20-ஐத் தாண்டினால் தண்ணீர் எங்கோ இறங்குகிறது.

டயரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். நின்றே காலம் கழித்த கேரவன்களில் பட்டன் (தரையில் படும் ரப்பர் கட்டைகள்) தேயாமல் ரப்பர் வெடித்திருக்கும். ஆறேழு வருடம் தாண்டிய டயரை, பட்டன் புதிதாகத் தெரிந்தாலும் மாற்றும் செலவோடு சேர்த்தே விலை பேசுங்கள்.

கையிருப்பு குறைவு. ஏசி, சோலார், உள் அலங்காரம் எல்லாம் ஆசையாக இருக்கிறது. எதில் தொடங்குவது?

முதலில் ஒழுகலை அடைப்பது. பிறகு அடித்துரு. அதன் பிறகு பிரேக், டயர். அதன் பிறகு வயரிங். இவை முடியும்வரை சோபா துணி, எல்இடி பட்டை விளக்கு எதையும் தொட வேண்டாம். கூரை ஒழுகும் வண்டியில் புது அலமாரி அடிப்பது ஓட்டைப் பானையில் உலை வைக்கிற கதைதான். வாங்கிய விலையில் நான்கில் ஒரு பங்கையாவது இந்த முதல் நான்கு வேலைகளுக்கு ஒதுக்கிவைக்க முடியாவிட்டால், இன்னும் சிறிய வண்டியைப் பார்ப்பது நல்லது.

ஆர்.சி. (பதிவுச் சான்றிதழ்) விஷயத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

ஆர்.சி.யில் வண்டியின் வகை என்ன என்று எழுதியிருப்பதும் வெளியே நிற்கும் வண்டியும் ஒத்துப்போக வேண்டும். சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன், நான்-டிரான்ஸ்போர்ட் (வாடகைக்கு ஓடாத) வகையில் வரும். மஞ்சள் போர்டில் ஓடிய டிராவலரை உள்ளே மட்டும் மாற்றிவிட்டு, ஆர்.சி.யை மாற்றாமல் விற்பவர்கள் உண்டு. அனுமதியில்லாத மாற்றம் மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவுக்கு எதிரானது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைவிரிக்கவும் அது இடம் கொடுக்கும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வேறு மாநில வண்டி என்றால் படிவம் 28 என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று). கடன் இருந்திருந்தால் படிவம் 35. இவை கையில் வராமல் முன்பணத்துக்கு மேல் கொடுக்காதீர்கள்.

அடியில் துரு பிடித்திருக்கிறது. மேலேயே அண்டர்கோட் அடித்தால் போதாதா?

போதாது, இன்னும் கெடுதல். துருவின் மேல் ரப்பர் கோட்டிங் அடித்தால் உப்பும் ஈரமும் உள்ளே சிறைப்பட்டு, வெளியே பளபளப்பாக இருக்கும்போதே இரும்பு கரையும்.

முறை இது. நல்ல தண்ணீரில் அடியைக் கழுவி இரண்டு நாள் காயவிடுங்கள். ஏடு கழலும் துருவைச் சிறு சுத்தியலால் கொத்தி உதிர்த்து, கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டித் தேயுங்கள். மறுபடி கழுவுங்கள். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். குழிகளுக்குள் உப்பு இருந்தால் மேலே என்ன அடித்தாலும் ஆறு மாதம்தான். காய்ந்ததும் பாஸ்பாரிக் அமிலம் கலந்த ரஸ்ட் கன்வெர்ட்டர் ஒரு கை. துரு கருநிறமாக மாறும். மறுநாள் இரண்டு பாகம் கலக்கும் எபாக்ஸி பிரைமர் இரண்டு கோட், அதன் மேல் பி.யு. (பாலியூரித்தேன்) பெயிண்ட். சேசிஸ் கட்டையின் உள்குழாய்க்கு பெயிண்ட் போகாது. அங்கே மெழுகு கலந்த கேவிட்டி ஸ்ப்ரேயை நீளக் குழாய் மாட்டி அடியுங்கள். கீழேயுள்ள வடிகால் துளைகளை அடைத்துவிடக் கூடாது.

மாசி முதல் சித்திரைக்குள் இந்த வேலையை முடித்துவிடுங்கள். வாடைக்காற்று (வடகிழக்குக் காற்று) வீசும் மாதங்களில் காலையில் தகடு வியர்த்து நிற்கும், பிரைமர் பிடிக்காது.

பழைய என்ஜின் ஆயிலை அடியில் அடிக்கச் சொல்கிறார்களே?

மலிவு என்பதால் சொல்கிறார்கள். ஸ்பிரிங் புஷ், பிரேக் ஹோஸ், ரப்பர் மவுன்ட் எல்லாம் ஆயிலில் ஊறி உப்பிப் போகும். மணல் ஒட்டி வண்டல் கட்டும். பிரேக் டிரம்மில் ஒரு துளி போனாலும் ஆபத்து. வேண்டாம்.

தனுஷ்கோடி போய்வந்தால் உடனே கழுவ வேண்டுமா?

அன்றே. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டருக்கு இரண்டு பக்கமும் கடல். காற்று வீசும் நாளில் கண்ணாடியில் படிகிற அதே பிசுபிசுப்பு அடியிலும் படிகிறது, அங்கே துடைக்க ஆளில்லை என்பதுதான் வித்தியாசம்.

வாட்டர் சர்வீஸில் விடும்போது எந்தத் தண்ணீர் என்று கேளுங்கள். கரையோரத்துப் போர்களில் பல இடங்களில் உவர்நீர். அதில் கழுவினால் உப்பை உப்பால் கழுவிய மாதிரி. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்தான். 500-க்குக் கீழே இருந்தால் நிம்மதி. ஆயிரத்தைத் தாண்டினால் கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர் 40 லிட்டர் எடுத்துப் போங்கள். சக்கர வளைவுகளின் உள்விளிம்பு, டீசல் டேங்கின் மேல்பக்கம், பம்பர் பின்புறம், ரேடியேட்டர் முகப்பு ஆகியவைதான் உப்பு தங்கும் இடங்கள். ரேடியேட்டருக்கும் ஹப் சீலுக்கும் வயரிங் கனெக்டருக்கும் பிரஷர் கன்னை நேராகப் பிடிக்க வேண்டாம். சாதாரண ஹோஸ் போதும். கழுவியதும் ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டி, நாலைந்து முறை பிரேக் பிடித்து டிரம்மைக் காயவைத்துவிட்டு நிறுத்துங்கள்.

கூரை ஒழுகுகிறது. சிலிகான் போட்டும் நிற்கவில்லை.

சிலிகான் போட்டதுதான் கோளாறு. நாளடைவில் விளிம்பு பிரியும். பிரிந்த பிறகு அது விட்டுப் போன எண்ணெய்ப் படலத்தின் மேல் வேறு எந்த சீலன்டும், பெயிண்டும் ஒட்டாது. பிளேடால் சுரண்டி, தேய்த்து, அசிட்டோனால் துடைத்து எடுத்தாக வேண்டும். அதன் பிறகு தகடு, விசிறி, ஜன்னல் விளிம்புகளுக்கு அடியில் பியூட்டைல் டேப், வெளி ஓரத்தில் பி.யு. சீலன்ட்.

எங்கே ஒழுகுகிறது என்று தெரியாவிட்டால் ஹோஸை மேலிருந்து விடாதீர்கள். கீழ் ஜன்னலில் தொடங்கி ஒவ்வொரு இணைப்பிலும் ஐந்து நிமிடம் ஓடவிட்டு மேலே ஏறுங்கள். உள்ளே ஒருவர் டார்ச்சோடு இருக்கட்டும். சொட்டுகிற இடமும் நுழைகிற இடமும் ஒரு மீட்டர் தள்ளிக்கூட இருக்கும்.

கூரை ஃபைபராக இருந்து வெடித்திருந்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர். மண்டபம், பாம்பன் பக்கம் ஃபைபர் வள்ளம் ஒட்டுகிறவர்கள் இந்த வேலையை கார் பட்டறைகளைவிட நன்றாகச் செய்வார்கள். நீங்களே செய்வதானால்: வெடிப்பைச் சுற்றி 40 நம்பர் டிஸ்க்கால் சாய்வாகத் தேயுங்கள். 3 மி.மீ. கனமுள்ள கூரைக்கு விளிம்பிலிருந்து 35 மி.மீ. வரை சாய்வு வேண்டும். தூசி துடைத்து, சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள கண்ணாடி நார் மேட் மூன்று துண்டு, ஒன்றைவிட ஒன்று பெரிதாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு அடுக்கு ஏறக்குறைய 1 மி.மீ. கனம் தரும். மேட்டின் எடையைப் போல இரண்டரை மடங்கு பாலியெஸ்டர் ரெசின் பிடிக்கும். ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 மில்லி ஹார்டனர். இங்கத்து வெயிலுக்கு 10 மில்லியே போதும். காலை ஒன்பது மணிக்குள் வேலையை முடியுங்கள், இல்லையென்றால் டப்பாவிலேயே இறுகும். ரோலரால் காற்றுக் குமிழை வெளியே தள்ளுங்கள். கடைசிக் கோட்டாக மெழுகு சேர்த்த டாப்கோட் போடாவிட்டால் மேற்பரப்பு பிசுபிசுவென்றே இருக்கும்.

ஒரு எச்சரிக்கை: கோபால்ட் ஆக்சிலரேட்டரைக் கடையில் தனியாகக் கொடுத்தால் முதலில் ரெசினில் கலக்கிவிட்டு, அதன் பிறகே ஹார்டனர். இரண்டையும் நேரடியாகக் கலந்தால் வெடிக்கும்.

எந்த ஸ்க்ரூ, எந்தப் பலகை?

சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கும் 304 ஸ்டீல் கரையில் புள்ளி புள்ளியாகப் பழுக்கும். வெளியே 316 போடுங்கள். படகுச் சாமான் கடைகளில் கேளுங்கள். அலுமினியத் தகட்டில் ஸ்டீல் ஸ்க்ரூ போட்டால் உப்பு ஈரத்தில் இரண்டும் பேட்டரி போல வேலை செய்து அலுமினியம் வெள்ளைப் பொடியாகும். நைலான் வாஷர் போட்டு, துளையில் சீலன்ட் தடவி முடுக்குங்கள். உள்ளே பலகைக்கு ஐ.எஸ். 710 மரைன் பிளை. பார்ட்டிகிள் போர்டு ஒரு வாடைக்காலம் தாங்காது. வெட்டிய விளிம்புகளை அப்படியே விடாமல் எபாக்ஸி அல்லது பிரைமர் அடியுங்கள். தண்ணீர் குடிப்பதும் கரையான் ஏறுவதும் அந்த விளிம்பு வழியாகத்தான்.

இருவர் தங்க எவ்வளவு பேட்டரி, எவ்வளவு சோலார்?

முதலில் கணக்குப் போடுங்கள். கம்ப்ரசர் வைத்த 12 வோல்ட் சிறு ஃபிரிட்ஜ் இந்தப் புழுக்கத்தில் நாளைக்குச் சுமார் 500 வாட்-மணி. இருபது வாட் ஃபேன் இரண்டு, பத்து மணி நேரம்: 400. விளக்கு, தண்ணீர் மோட்டார்: 80. போன், லேப்டாப்: 200. மொத்தம் ஏறக்குறைய 1,200.

12.8 வோல்ட் 200 ஆம்ப்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 2,560 வாட்-மணி இருக்கும். எண்பது சதவீதம் எடுத்தால் ஒன்றரை நாளுக்கு மேல் வரும். ஈய-அமில பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுள் சரியும், எனவே இதே வேலைக்கு 300 ஆம்ப்-மணிக்கு மேல் வேண்டும். வீட்டு இன்வெர்ட்டருக்கான உயரமான டியூபுலர் பேட்டரியை வண்டியில் வைக்காதீர்கள். குலுக்கலுக்குச் செய்யப்பட்டது அல்ல; அமிலம் தெறிக்கும், அதன் ஆவி கேபினுக்குள் வரும்.

400 வாட் பேனல், நல்ல வெயில் நாளில், இழப்பெல்லாம் போக 1,300 வாட்-மணி அளவுக்குத் தரும். ஐப்பசி, கார்த்திகை மூட்டத்தில் அதில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தாலே பெரிது. நாம் நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்பது டிகிரிதான், ஆகவே பேனலைப் படுக்க வைத்தாலும் பெரிய நட்டமில்லை. ஆனால் கூரையோடு ஒட்டி வைக்காமல் 4 செ.மீ. தூக்கி வையுங்கள். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் உற்பத்தி குறையும். பேனல் 65 டிகிரி சூடானால் 16 சதவீதம் போயிற்று. தென்னை நிழல் பாதி விழும் இடத்தில் நிறுத்துபவர்கள் பேனல்களைப் பேரலலில் இணைப்பது நல்லது. (தென்னைக்கு நேர்கீழே நிறுத்தினால் பேனல் கணக்கே வேண்டாம், ஒரு நெற்று விழுந்தால் முடிந்தது.) வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் உப்புப் படிவைத் துடையுங்கள்.

லித்தியம் மாற்றும்போது டைனமோவிலிருந்து நேராக வயர் இழுக்காதீர்கள். லித்தியம் கேட்கிற அளவு கரண்டை வாங்கும்; டைனமோ சூடாகிக் கருகும். இடையில் 30 ஆம்ப் டிசி-டிசி சார்ஜர் வேண்டும்.

இன்வெர்ட்டர் போட்டால் அடிக்கடி 'லோ பேட்டரி' என்று கத்துகிறது. பேட்டரி புதிது.

வயர் மெலிது. 1,000 வாட் இன்வெர்ட்டர் 12 வோல்ட்டில் 90 ஆம்புக்கு மேல் இழுக்கும். பேட்டரியிலிருந்து ஒன்றரை மீட்டர் தூரம், போக வர மூன்று மீட்டர். 10 சதுர மி.மீ. வயரில் அரை வோல்ட் வழியிலேயே போய்விடும். 35 சதுர மி.மீ. போட்டால் 0.15 வோல்ட்தான். வெள்ளீயம் பூசிய செம்பு வயராகக் கேளுங்கள். பூசாததில் உப்புக்காற்று உறைக்குள் ஏறி, கருத்து, பச்சைப் பொடி பூக்கும். வயர் முனையில் மாட்டும் லக்கை இடுக்கியால் நசுக்காமல் ஹைட்ராலிக் கிரிம்பரால் அழுத்தி, மேலே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க். பேட்டரி பாசிட்டிவிலிருந்து 20 செ.மீ.க்குள் 150 ஆம்ப் ஃபியூஸ் கட்டாயம். சேசிஸ் எர்த் போல்ட்டை வருடம் ஒருமுறை கழற்றித் தேய்த்து கிரீஸ் வைத்து முடுக்குங்கள். இந்தக் கரையில் விளக்கு மங்குவது, பம்ப் திணறுவது போன்ற பாதிக் கோளாறுகள் அந்த ஒரு போல்ட்டில் தீரும்.

இரவெல்லாம் ஏசி ஓட்ட முடியுமா?

கரண்ட் இணைப்பு உள்ள இடத்தில் முடியும். பேட்டரியில் என்றால், ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி சராசரி 600 வாட் என்று வைத்தாலும் எட்டு மணி நேரத்துக்கு 4.8 யூனிட் (ஒரு யூனிட் 1,000 வாட்-மணி). எண்பது சதவீதம்தான் எடுப்பது என்றால் அதற்கு 6 யூனிட் லித்தியம் வேண்டும், மறுநாள் நிரப்ப 1,500 வாட் பேனல் வேண்டும். 540 வாட் பேனல் ஒன்று இரண்டரை சதுர மீட்டருக்கு மேல். ஏசி யூனிட்டும் விசிறியும் வைத்த டிராவலர் கூரையில் மூன்று பேனலுக்கு இடமிருக்காது.

அந்தப் பணத்தில் பாதியைக் கூரை இன்சுலேஷனில் போடுங்கள். 13 மி.மீ. நைட்ரைல் ஃபோம் ஒட்டி, மேலே வெள்ளை கூலிங் பெயிண்ட், கூரையில் உள்காற்றை இழுக்கும் விசிறி, எதிர்ப்பக்க ஜன்னலில் கொசுவலை. கண்ணாடிக் கம்பளி வேண்டாம், ஈரம் குடித்துத் தகட்டைத் தின்னும்.

ஊரில் வீட்டு பிளக்கில் மாட்டலாமா?

16 ஆம்ப் பிளக், 2.5 சதுர மி.மீ. மூன்று கோர் வயர், வண்டிக்குள் நுழைந்ததும் 30 மில்லிஆம்ப் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் துண்டிப்பது), 16 ஆம்ப் எம்.சி.பி. (அளவுக்கு மேல் இழுத்தால் துண்டிப்பது). மாட்டுவதற்கு முன் எர்த் இருக்கிறதா என்று சாக்கெட்டில் செருகும் டெஸ்டரில் பாருங்கள். பழைய வீடுகளில் மூன்றாவது துளை சும்மா இருக்கும். எர்த் இல்லாத இடத்தில் மாட்டவே வேண்டாம். ஈரத்தரையில் நின்று கதவுப்பிடியைத் தொடுபவர் நீங்கள். வயரைச் சுருளாக வைத்து ஏசி ஓட்டினால் சுருள் உருகும்.

தண்ணீர் டேங்க் நாறுகிறது.

ஐந்து சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட், லிட்டருக்கு 1 மில்லி. 100 லிட்டர் டேங்குக்கு 100 மில்லி. எல்லாக் குழாயிலும் மருந்து வாடை வரும்வரை திறந்து, மூடி, நான்கு மணி நேரம் வைத்து, இரண்டு முறை அலசுங்கள். குடிப்பதற்கு இந்த டேங்கை நம்பாமல் தனி கேன் வைத்துக்கொள்ளுங்கள். போர் தண்ணீர் நிரப்பினால் பம்பின் வால்வில் வெள்ளைப் படிவு கட்டி, குழாய் மூடியிருக்கும்போதே பம்ப் விட்டு விட்டு ஓடும். முன்னாலுள்ள வடிகட்டியைக் கழுவி, வெந்நீரில் கலந்த சிட்ரிக் அமிலத்தை ஓடவிட்டால் பெரும்பாலும் சரியாகும். ரேடியேட்டரில் மட்டும் எந்த அவசரத்திலும் உவர்நீர் வேண்டாம். இரண்டு லிட்டர் கலந்த கூலன்ட் வண்டியிலேயே இருக்கட்டும்.

கேஸ் அடுப்பு?

5 கிலோ சிலிண்டர், நிமிர்த்தி, பெல்ட் போட்டு, கேபினிலிருந்து அடைக்கப்பட்ட பெட்டிக்குள். பெட்டியின் அடித்தளத்தில் வெளியே திறக்கும் துளை வேண்டும், ஏனென்றால் இந்த கேஸ் காற்றைவிடக் கனம், கீழே தேங்கும். அலாரத்தையும் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வையுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஆரஞ்சு ஹோஸை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ரெகுலேட்டர் ஸ்பிரிங் உப்பில் பழுக்கும். மாதம் ஒருமுறை சோப்பு நுரை வைத்துப் பாருங்கள். ஓடும்போது சிலிண்டர் மூடியிருக்க வேண்டும்.

கழிவறைத் தொட்டியை எங்கே கொட்டுவது?

செப்டிக் டேங்க் உள்ள கழிவறையில், கேட்டுக்கொண்டு. கடலில், ஓடையில், உப்பளத்து வாய்க்காலில் கொட்டக் கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-இலிருந்து கடல்சார் தேசியப் பூங்கா. அந்தப் பவளத்துக்கு இது விஷம். செப்டிக் டேங்கில் கொட்டுவதாக இருந்தால் தொட்டியில் ஃபினாயில் ஊற்றாதீர்கள், அங்கேயுள்ள நுண்ணுயிர் செத்துவிடும். தொட்டி ரப்பருக்குச் சிலிகான் ஸ்ப்ரே. வாசலின் தடவினால் உப்பும்.

வண்டியின் எடை கூடிவிட்டதா என்று எப்படித் தெரியும்?

கரிமூட்ட லாரிகளும் உப்பு லாரிகளும் ஏறும் எடை மேடை வழியெங்கும் உண்டு. டேங்க் நிரப்பி, ஆட்களோடு ஏற்றி, ஆர்.சி.யிலுள்ள மொத்த எடையோடு ஒப்பிடுங்கள். பிறகு பின் சக்கரங்களை மட்டும் ஏற்றிப் பாருங்கள். தண்ணீர் டேங்க், பேட்டரி, கட்டில் எல்லாம் பின்னால் குவிந்திருந்தால் ஸ்டியரிங் லேசாகி, பாம்பன் பாலத்துக் காற்றில் வண்டி அலையும். கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் அந்தப் பாலத்தில் மெதுவாகப் போங்கள். காற்றுப் பக்கத்துக் கதவை ஒரு கையால் திறக்காதீர்கள், கீல் பிய்த்துக்கொண்டு போகும்.

எந்தப் பக்கம் நிறுத்துவது?

மீனவர்கள் பார்க்கிற மாதிரி பாருங்கள். கச்சான் காலத்தில் தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும், வடகடல் (பாக் விரிகுடா) அடங்கியிருக்கும். அப்போது அரியமான், தேவிபட்டினம் பக்கம். வாடைக்காலத்தில் மாறும், அப்போது கீழக்கரை, ஏர்வாடி பக்கம். தண்ணீர் ஓரத்திலிருந்து நூறு இருநூறு மீட்டர் உள்ளே, ஒரு சுவரின் மறைவில் நிறுத்தினாலே உப்புப் படிவது வெகுவாகக் குறையும்.

ரோட்டை விட்டு இறங்கும்போது சீமைக் கருவேல முள்ளைக் கவனியுங்கள். வெட்டிப் போட்ட கிளை மணலுக்குள் புதைந்திருக்கும். மணலில் சக்கரம் சுற்றத் தொடங்கினால் ஆக்சிலேட்டரை மிதிக்காதீர்கள், அச்சுவரை இறங்கிவிடும். காற்றை 25 பி.எஸ்.ஐ. வரை இறக்கி, சக்கரத்துக்கு முன்னால் மணலைத் தள்ளிவிட்டு, பனை ஓலையைப் பரப்புங்கள். மட்டையை வைக்காதீர்கள், அதன் கருக்கு டயர் பக்கவாட்டைக் கிழிக்கும். தார் ரோடு ஏறியதும் காற்றை மறுபடி நிரப்பாமல் வேகம் எடுக்கக் கூடாது.

இரண்டு மாதம் ஓட்டாமல் நிறுத்தப் போகிறோம்.

டீசல் டேங்கை நிரப்பி வையுங்கள், காலி இடத்தில்தான் ஈரம் வியர்த்துத் தண்ணீராகும். ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து துணி சொருகுங்கள். லித்தியத்தைப் பாதி சார்ஜில் வைத்து இணைப்பைக் கழற்றுங்கள். டயருக்குக் கூடுதலாக 5 பி.எஸ்.ஐ. ஹேண்ட்பிரேக்கை இழுத்து வைக்காதீர்கள்: கடற்கரைக் காற்றில் லைனிங் டிரம்மோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும், பிறகு சுத்தியல் எடுத்து டிரம்மைத் தட்ட வேண்டிவரும். முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை யாரையாவது வைத்து இருபது கிலோமீட்டர் ஓட்டச் சொல்லுங்கள். நின்ற இடத்தில் ஸ்டார்ட் செய்து அணைப்பதால் சைலன்சருக்குள் தண்ணீர் சேர்வதுதான் மிச்சம்.